பாத்துச் செய்யுங்க சார்

என் வழியனுப்பு விழா முடிந்து, டீ கிளாஸ்களை நாற்காலிக்கு அடியிலெல்லாம் வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, உங்களில் ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். இந்த சீசனுக்கு நம் ஹோட்டல் ரிசப்ஷனில் சேர்ந்த பெண். பெயரைச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்த மாட்டேன். அவள் கேட்டது இது:

"அக்கா, நான் படிப்புல சுமாருதான். அரியர் வச்சுத்தான் டிகிரி முடிச்சேன். என்னைய மாதிரி ஆளுக்குப் புடிச்ச வேலையும் கெடச்சு, நல்ல சம்பளமும் கெடைக்குமாக்கா?"

நான் அவள் கன்னத்தைத் தட்டி, "ஆண்டவர் பாத்துக்குவாரும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு என்மேலேயே எரிச்சல். ஒரு பிள்ளை தவித்துப்போய்க் கேட்கிற கேள்விக்கு இப்படி ஒரு பதிலா? அதனால்தான் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் கேட்டிருந்தது. புன்னகை, பணிவு, விருந்தோம்பல் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். பணிவைப் பற்றி என் கருத்தைப் படித்த பிறகு இதை உங்கள் கையில் தருவார்களா என்பதே சந்தேகம்.

நானும் சுமார்தான். பி.ஏ. வரலாறு. எந்தப் பேராசிரியருக்கும் என் முகம் நினைவில் இருக்காது. பட்டம் வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். பேங்க் பரீட்சை எழுதினேன், சர்வீஸ் கமிஷன் எழுதினேன், ஒன்றிலும் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒரு ஆன்ட்டி பிடித்துக்கொள்வார். "என்னம்மா பண்ற?" என்பார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பேன். "இன்னுமா?" என்பார். அந்த இன்னுமாவுக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடிவதற்குள் ஓடி வந்துவிடுவேன்.

அப்பா இங்கே ஒரு மிஷன் போர்டிங் ஸ்கூலில் பிளம்பர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிர்வாகி அவரைக் கூப்பிட்டு, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். அப்பா குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க பாத்துச் செய்யுங்கய்யா" என்பார். அவர்களும் பார்த்துச் செய்தார்கள். ஒரு வருஷம் பழைய கோட்டு. ஒரு வருஷம் கேக். ஒரு வருஷம் ஃபீஸ் இல்லாமல் எனக்கு ஒரு சீட்டு. அந்த சீட்டில்தான் நான் படித்தேன். ஆகவே அப்பாவை இளக்காரம் செய்ய எனக்கு வாய் இல்லை. எங்கள் வீட்டில் அந்த வாக்கியம்தான் மரியாதை. வாயைத் திறந்து கேட்கிறவன் பேராசைக்காரன், சும்மா நிற்பவனுக்குத் தானாக வரும் என்று நம்பித்தான் வளர்ந்தேன்.

கடைசியில் ஒரு ஏப்ரல் மாதம் இதே ஹோட்டலில் சீசன் வேலைக்குப் போனேன். நம் ஊரில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கூட்டம் ஏறும்போது ஆள் எடுப்பார்கள், மழை வந்ததும் அனுப்பிவிடுவார்கள். அப்போது இருந்த மேனேஜர் பெரியகுளத்துக்காரர். என் சர்டிஃபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தா நிக்கிறாருல்ல, அவரு சுடுதண்ணி வரலைன்னு காலையிலருந்து கத்திக்கிட்டுக் கெடக்காரு. போயிப் பேசிட்டு வா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

போகிற வழியில் பாய்லர்காரரிடம் கேட்டேன். விறகு நனைந்துவிட்டது, மத்தியானம் வரை எரியாது என்றார். ரிசப்ஷனில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். இருந்தும் அந்த மனிதரிடம் இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் நேராகப் போய், குழாயில் இப்போதைக்கு வராது, கிச்சனில் கொதிக்க வைத்து வாளியில் அனுப்புகிறேன், குளித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை முறைத்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் குளித்து முடித்திருப்பேனே என்று முணுமுணுத்துக்கொண்டு ரூமுக்குப் போனார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஒனக்குப் பயமில்லையா, இல்ல பொய் சொல்லத் தெரியாதா?"

"பயம் இருக்கு சார்."

"அப்பச் சரி. நாளைக்கு வெள்ளனே வந்துரு."

மழை வந்தது. என்னை அனுப்பவில்லை.

எந்த வேலை நமக்குப் பிடிக்கும் என்று படுத்துக்கொண்டு யோசித்தால் தெரியாது. இரண்டு வருஷம் படுத்து யோசித்தவள் சொல்கிறேன். எல்லோரும் நழுவுகிற ஒரு இடத்தில் உனக்கு மட்டும் நழுவத் தோன்றவில்லையா, உன் வேலை அங்கேதான் இருக்கிறது. மார்க் ஷீட்டில் அதற்குப் பத்தி கிடையாது. முதல் மாணவிக்கும் கிடையாது, அரியர் வைத்தவளுக்கும் கிடையாது. உன் கேள்வியின் பாதிக்கு இதுதான் பதில். இந்தப் பாதியை நான் சரியாகச் செய்தேன். நாசமாக்கியது மற்றப் பாதியை.

என்னோடு ரிசப்ஷனில் பிரகாஷ் என்று ஒருவர் இருந்தார். சென்னையில் கேட்டரிங் டிப்ளமா படித்தவர். நல்ல இங்கிலீஷ், நல்ல சட்டை. கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்து சில வருஷம் கழித்து முதலாளி அட்டுவம்பட்டிப் பக்கம் இன்னொரு ஹோட்டல் கட்ட ஆரம்பித்தார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும், எங்களில் ஒருவரைத்தான் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. லீவு நாளில் யாருக்கும் தெரியாமல் நடந்து போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவேன். ரிசப்ஷன் மேசையைச் சுவரோரம் போடுவதாக மேஸ்திரி சொன்னார். எனக்குள் கொதிக்கும். மலை ஏறி, வாந்தி எடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் ஒரு முகம் தெரிய வேண்டாமா? மேசை வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்தில் சுடுதண்ணி இருக்க வேண்டும். சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும். இப்படி அந்த ஹோட்டலை முழுசாக என் மண்டைக்குள் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த மே மாதம் ஒரு நாள் காலையில் வத்தலக்குண்டு ரோட்டில், பெருமாள்மலைக்குக் கீழே, பாறை உருண்டு வழி அடைத்துக்கொண்டது. மேனேஜர் முந்தின நாளே கீழே போயிருந்தார், மேலே வர முடியவில்லை. லாபி முழுக்கக் கிளம்ப வேண்டியவர்கள். பெட்டியும் பிள்ளையுமாக நிற்கிறார்கள். பிரகாஷ் ஒவ்வொருவரிடமும் அழகான இங்கிலீஷில், இன்னும் ஒரு மணி நேரத்தில் ரோடு கிளியர் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஒரு மணி நேரம் நம் ஊர் ரிசப்ஷனின் பழைய வியாதி. மூடுபனி எப்போது விலகும் என்று கேட்டாலும் ஒரு மணி நேரம்தான், கரண்ட் எப்போது வரும் என்று கேட்டாலும் ஒரு மணி நேரம்தான். அந்த நேரம் முடிந்தது. இன்னொரு முறை சொன்னார். அதுவும் முடிந்ததும் ஒருவர் மேசையைக் குத்தினார், ஒரு அம்மா அழ ஆரம்பித்தார்.

கூட்டத்தில் மதுரைக் குடும்பம் ஒன்று. வேனில் வந்தவர்கள். பெரியவருக்கு மறுநாள் காலை மதுரையில் டயாலிசிஸ். மலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால், ஒரு முறையைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். இனிமேல் தள்ள முடியாது. மகன் சத்தம் போடவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உண்மையச் சொல்லுங்க. போக முடியுமா, முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

பெருமாள்மலையில் டெலிபோன் பூத் வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். அவருக்குப் போன் போட்டேன்.

"பாறைய இன்னைக்கு எடுக்க மாட்டாங்க தாயி, மிஷினே வரல. பழனி ரோட்டுல மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கு. ஜீப்பு ஒதுங்கிப் போகுது. வேனு போவாது."

ஹோட்டலில் ஒரு ஜீப் உண்டு. முதலாளி வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பது. அவரைக் கேட்க வழியில்லை, கோயம்புத்தூரில் எங்கோ கல்யாணத்தில் இருந்தார். பிரகாஷ், "வேணாம் ஸ்டெல்லா, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். பழனி ரோட்டில் இன்னொரு மரம் சாய்ந்தால்? போகாமல் இங்கேயே அவருக்கு மூச்சு முட்டினால்? இரண்டுக்கும் நான்தான் பதில். மகனிடம் எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அப்படியே சொன்னேன். முடிவை அவரே எடுக்கட்டும் என்றேன். அவர் தன் அப்பாவைப் பார்த்தார். போகலாம் என்றார். பெரியவரையும் மகனையும் மட்டும் ஜீப்பில் ஏற்றி, அந்த ரோட்டில் பிறந்து வளர்ந்த டிரைவரைப் போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பினேன்.

பிறகு லாபியில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னேன். இன்றைக்கு ரோடு திறக்காது. நாளைக்குத் திறக்குமா என்று தெரியாது. தெரிந்ததும் சொல்வேன், தெரியாமல் சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ரூம். மற்றவர்களுக்கு டைனிங் ஹாலில் மெத்தை. இப்போது எல்லோருக்கும் உப்புமா.

ஒரு பெரியம்மா, "உப்புமாதானா?" என்றார். லாபியே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எதற்குப் பிறந்தேன் என்று. பெரிய வார்த்தைதான். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

சாயங்காலம் பழனியில் இறங்கிவிட்டதாக மகன் போன் செய்தார். மறுநாள் மதுரையிலிருந்தும் செய்தார். எல்லாம் சரியாக நடந்ததாம்.

முதலாளிக்கு விஷயம் போனது. ஜீப்பைப் பற்றிக் கோபப்பட்டதாகவும், பிறகு சிரித்ததாகவும் சொன்னார்கள். சீசன் முடிந்ததும் வழக்கம்போல வந்தார். இந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. டைனிங் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். முந்தின நாள் மேனேஜர் என்னை நிறுத்திச் சொல்லியிருந்தார்: "நாளைக்கு அவரு கேப்பாரு. வாயத் தொறந்து கேளு. நான் பேசுறதெல்லாம் பேசியாச்சு." சரி சார் என்றேன். அன்று முழுவதும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்.

என் முறை வந்தது. முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். "வாம்மா. ஜீப்பத் தூக்கிக் குடுத்த பிள்ள நீதானா? சொல்லு, ஒனக்கு என்ன செய்யணும்?"

என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல்.

"நீங்க பாத்துச் செய்யுங்க சார்."

முதலாளி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, இதான் நம்ம ஊருப் பிள்ள" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். எனக்கு ஒரு கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் தட்டவில்லை.

அடுத்து பிரகாஷ். அட்டுவம்பட்டி ஹோட்டலுக்கு என்னை மேனேஜராகப் போடுங்கள், குவார்ட்டர்ஸ் வேண்டும், இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் வேண்டும் என்றார். முதலாளி புருவத்தைத் தூக்கினார். கொஞ்சம் பேரம் பேசினார். கொடுத்துவிட்டார்.

மேனேஜர் என்னைப் பாய்லர் பக்கம் கூட்டிப் போனார். அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஒனக்கு என்ன வேணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பெறகு?"

"கேட்டா பேராசைன்னு நெனப்பாங்கன்னு…"

"இப்ப என்ன நெனச்சுட்டாங்க? சால்வைக்கு ஏத்த பிள்ளைன்னு நெனச்சுட்டாங்க." ஒரு விறகை எடுத்து நெருப்புக்குள் தள்ளினார். "ஊருக்கே உண்மையச் சொல்றவ. ஒன் விசயத்துல மட்டும் பொய் சொல்லிட்டு வந்து நிக்கிற."

அவர் சொன்னதில் என்னால் இன்றுவரை மறுக்க முடியாதது அதுதான். ஒரு மணி நேரத்தில் ரோடு திறக்கும் என்று பிரகாஷ் சொன்னதும் பொய், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்று நான் சொன்னதும் பொய். அவருடைய பொய்யில் ஒரு நாள் கெட்டது. என்னுடையதில் ஆயுசு போனது.

ஒரு பெண்ணுக்கு, அதுவும் பிளம்பர் மகளுக்கு, அந்தக் காலத்தில் கொடுத்திருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. கொடுக்காமலும் இருந்திருப்பார். அப்படியென்றால் அந்த 'இல்லை' அவருடையதாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேசியிருக்கலாம், வேறு ஹோட்டலுக்குப் போயிருக்கலாம், குறைந்தது அவரைத் திட்டியாவது இருக்கலாம். இப்போது யாரைத் திட்டுவேன்? அந்த 'இல்லை'யை அவருக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

பிரகாஷ் அட்டுவம்பட்டிக்குப் போனார். மேசையைச் சுவரோரம்தான் போட்டார். அங்கே ஒரு பிரச்சினை என்றால் எனக்குத்தான் போன் வரும். என்ன சொல்லட்டும் ஸ்டெல்லா என்பார். நான் சொல்வேன். அவர் அதைச் சொல்வார். சிக்கலை நான் அவிழ்ப்பேன், சம்பளம் அவர் வாங்குவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டார், அவ்வளவுதான். பிறகு மதுரைக்குப் போனார், அங்கிருந்து கொச்சிக்குப் பெரிய வேலையில் போனார். எங்கள் மேனேஜர் ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலிக்கும் இதே கேள்வி வந்தது. அப்போதும் அதையேதான் சொன்னேன். வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தது நான். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் நான். கடைசி வரை நான் அசிஸ்டென்ட். வேலை பிடித்திருந்தது, அது நிஜம். பிடித்த வேலைக்குச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைவிட மட்டமான பேச்சு கிடையாது. ஒரே வேலை, ஒரே ஹோட்டல், பக்கத்து நாற்காலியில் சம்பளம் இரண்டு மடங்கு.

வழியனுப்பு விழாவில் நீங்களும் இருந்தீர்கள். முதலாளியின் மகன் மைக்கைப் பிடித்து, "அக்காவுக்கு என்ன வேணுமோ கேக்கட்டும், செய்யிறோம்" என்றார். இனி எனக்கு யார் பயம்? வேலையும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"நீங்க பாத்துச் செய்யுங்க தம்பி."

நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். இன்னொரு சால்வை வந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகும் அதைப் போர்த்திக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பெண் வந்து கேட்டாள்.

அதனால், அம்மா, என் பதிலைத் திருத்திக்கொள். கிடைக்கும். சுமாரான ஆளுக்கும் கிடைக்கும். எந்த இடத்தில் உனக்கு நழுவத் தோன்றவில்லை என்று பார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண்டவர்மேல் போடாதே, முதலாளிமேல் போடாதே, உன் நல்ல குணத்தின்மேல் போடாதே. சீசன் முடிந்து டைனிங் ஹாலில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எதிர்பார்க்கிற பதில் எது என்று உனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்லாதே.

நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று காலை அடுப்பங்கரையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், அட்டுவம்பட்டி ஹோட்டலுக்கு என்னைய மேனேஜராப் போடுங்க. பிரகாஷ் கேக்குற சம்பளம் எனக்கும் வேணும். மேசைய வாசலப் பாத்துப் போடுவேன்."

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.